தட்டான் றெக்கையும் எங்க அம்மா ஊசியும்: ஒரு வீஆர் ஹெட்செட் ரிவ்யூ

கண்ண மறைச்சு தலைல மாட்டிக்கிட்டா சுத்தியும் 3டில படம் காட்டுற இந்த வீஆர் ஹெட்செட்ட வாங்கி மூணு மாசம் ஆச்சு. வாங்குன அன்னிக்கே எழுதியிருந்தா ஆஹா ஓஹோன்னு எழுதியிருப்பேன், ஒரு மாசம் கழிச்சு எழுதியிருந்தா கண்டபடி திட்டியிருப்பேன், இப்ப ரெண்டும் இல்லாம நிதானமா எழுதுறேன். ஆபீஸ்ல ஒருத்தர் வாங்கி நாலு தடவ மாட்டிட்டு அலமாரில போட்டு வெச்சிருந்தத 24,500 ரூபாய்க்கு பேசி எடுத்தேன். பிராண்டு பேர் வேணாம், ஏன்னா நான் சொல்லப்போற குறை இந்த ஒரு கம்பெனியோடது இல்ல, இன்னிக்கு கடைல கிடைக்குற வீஆர் ஹெட்செட்ல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் இதே கததான்.

முதல்ல எல்லாரும் கேக்குற விஷயங்கள சொல்லி முடிச்சுடுறேன். வெயிட்டு அரைக் கிலோ சுத்தி, அது அத்தனையும் மூக்குக்கு முன்னாடி தொங்குது, கூட வந்த துணி ஸ்ட்ராப்ப வெச்சு அரை மணி நேரம் தாண்டுனா கன்னத்துல பள்ளம் விழுந்துடும், பின்னாடி திருகு வெச்ச ஸ்ட்ராப் தனியா வாங்குனப்புறம்தான் பரவால்லன்னு ஆச்சு. பேட்டரி ரெண்டு மணி நேரம், கேம் ஆடுனா அதுவும் இல்ல. மே மாசத்துல ஃபேன் போட்டுக்கிட்டே மாட்டுனாலும் முகத்துல ஒட்டுற ஸ்பாஞ்சு நனைஞ்சு லென்ஸ்ல ஆவி படிஞ்சுடுது, அதனால ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எங்க வீட்ல இதுக்கு நேரம். படம் பாக்க நல்லா இருக்கு, பெரிய தியேட்டர்ல நடு வரிசைல ஒத்தையா உக்காந்த மாதிரி. கேம் பத்தி எனக்கு தெரியாது, அது என் பொண்ணு டிபார்ட்மென்ட். இதெல்லாம் எந்த யூட்யூப் வீடியோலயும் கிடைக்கும், நான் எழுத வந்தது வேற.

இதுல ஒரு ஆப் இருக்கு, பூச்சி, எலும்பு, பழங்கால பானைன்னு 3டில ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, நாம கைல எடுத்து திருப்பித் திருப்பி பாக்கலாம். அதுல ஒரு தட்டான். உள்ளங்கை அளவுக்கு பெருசு பண்ணி மூக்குக்கிட்ட கொண்டு வந்தா, றெக்கைல கண்ணாடி மாதிரி கட்டம் கட்டமா இருக்குமே, அந்த நரம்பு ஒவ்வொண்ணும், ஓரத்துல இருக்குற அந்த சின்ன பழுப்புப் புள்ளி வரைக்கும் தெரியுது. எனக்கு வயசு 48, வெள்ளெழுத்து வந்து மூணு வருஷம் ஆச்சு, ஒண்ணரை பவர் கண்ணாடி இல்லாம மாத்திரை அட்டைல எக்ஸ்பைரி தேதி கூட படிக்க முடியாது. அப்படிப்பட்டவன் கண்ணாடி இல்லாம ஒரு ஜாண் தூரத்துல தட்டான் றெக்கைய பாக்குறேன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொருள கிட்ட வெச்சுப் பாத்த சந்தோஷம்.

உடனே பொண்ண கூப்ட்டு மாட்டி விட்டேன். ப்ளஸ் டூ படிக்குறா, கண்ணு ரெண்டும் கழுகுக் கண்ணு, கண்ணாடியே கிடையாது. எடுத்துப் பாத்துட்டு ஒரே வார்த்தை, "மங்கலா இருக்குப்பா." கைய நீட்டி தள்ளி வெச்சா நல்லா இருக்குங்குறா, கிட்ட கொண்டு வந்தா மங்கல், இன்னும் கிட்ட வந்தா ரெட்டையா தெரியுதுங்குறா. நான் நம்பல. லென்ஸ துணி வெச்சு தொடச்சேன், ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்குற தூரத்துக்கு ஒரு வீல் இருக்கும்ல, அத அவளுக்கு ஏத்த மாதிரி திருப்பி வெச்சேன், ஸ்ட்ராப்ப ஏத்தி இறக்கி பாத்தேன். ஒண்ணும் வேலைக்கு ஆகல. இருவது நிமிஷத்துல கழட்டி வெச்சுட்டு புருவத்துக்கு மேல தேச்சுக்கிட்டே போயிட்டா. ஓட்டை பீஸ நம்ம தலைல கட்டிட்டாங்கன்னு அந்த ஆபீஸ்காரர நான் மனசுக்குள்ள திட்டுன திட்டு கொஞ்சநஞ்சம் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு அவளே தான் கண்டுபிடிச்சா, அதுவும் தற்செயலா. கண்ணு வலிக்குதுன்னு ஹெட்செட்டுக்குள்ளயே ஒரு கண்ண மூடியிருக்கா, பட்டுன்னு தட்டான் தெளிவா தெரிஞ்சுருச்சு. ரெண்டு கண்ணையும் திறந்தா மறுபடி மங்கல், ஒரு கண்ணு மூடுனா தெளிவு. "அப்பா இது லென்ஸ் ப்ராப்ளம் இல்ல, என் ப்ராப்ளமும் இல்ல, வேற என்னமோ"ன்னா. உங்க வீட்ல சின்னப் பசங்க, ஹெட்செட் ரெண்டும் இருந்தா இத இன்னிக்கே செஞ்சு பாருங்க, காசு செலவில்லாத சோதனை.

விஷயம் இதான். கட்டை விரல மூக்குக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு பாத்தீங்கன்னா கண்ணு ஒரே நேரத்துல ரெண்டு வேல பாக்குது. ஒண்ணு, ரெண்டு கருவிழியும் உள்பக்கமா திரும்பும். இன்னொண்ணு, கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் உப்பி அந்த தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணும். பொறந்ததுல இருந்து இந்த ரெண்டும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்தே போய் பழகிருச்சு. ஹெட்செட்ல என்ன ஆகுதுன்னா, தட்டான் 30 செ.மீல இருக்குற மாதிரி ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம் காட்டுறான், கண்ணு ரெண்டும் சுமார் 12 டிகிரி உள்பக்கம் திரும்புது, சரி. ஆனா வெளிச்சம் வர்றது லென்ஸ் வழியா, அந்த லென்ஸ் ஸ்க்ரீன கொண்டு போய் வெச்சிருக்குற தூரம் பொதுவா ஒண்ணேகால்ல இருந்து ரெண்டு மீட்டருக்குள்ள, அது மாறவே மாறாது. அதாவது ஒரு மாட்ட 30 செ.மீக்கு இழுக்குறான், இன்னொண்ண ஒண்ணரை மீட்டர்ல கட்டி வெச்சிருக்கான். பொண்ணோட கண்ணு பழக்கத்துல 30 செ.மீக்கு ஃபோகஸ் பண்ணுது, படம் அங்க இல்ல, அதான் மங்கல். படத்த தெளிவாக்க ஃபோகஸ பின்னாடி தள்ளுனா கருவிழியும் கூடவே போகுது, அதான் ரெட்டை. ஒரு கண்ண மூடிட்டா உள்பக்கம் இழுக்குறதுக்கு ஆள் இல்ல, ஃபோகஸ் அதுபாட்டுக்கு ஸ்க்ரீனுக்குப் போயிடுது.

அப்போ எனக்கு மட்டும் எப்படி தெரிஞ்சுது? எனக்குத்தான் கண்ணு லென்ஸ் உப்புறதையே பாதி நிறுத்திருச்சே, அது தூரத்துலயே நின்னுருச்சு, ஸ்க்ரீனும் தூரத்துலயே நிக்குது, ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல! வெள்ளெழுத்துக்காரனுக்கு ஏத்த மாதிரி செஞ்சு வெச்ச மெஷின இருவது வயசு பசங்களுக்கு விளம்பரம் பண்ணி விக்குறாங்க, இத நெனச்சு நான் தனியா சிரிச்சேன்.

இது புதுசா கண்டுபிடிச்ச குறை ஒண்ணும் இல்ல. 1838ல வீட்ஸ்டன்னு ஒரு விஞ்ஞானி, முகம் பாக்குற கண்ணாடிய வெச்சு ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி படம் காட்டுற முதல் ஸ்டீரியோஸ்கோப் பத்தி எழுதுனப்பவே இந்த ஜோடிய பிரிச்சுட்டாங்க. 2008ல அமெரிக்கால பெர்க்லி யுனிவர்சிட்டில மார்ட்டின் பேங்க்ஸ் ஆளுங்க ஃபோகஸ் தூரத்த மாத்துற மாதிரி ஒரு டிஸ்ப்ளே கட்டி, ரெண்டும் ஒத்துப் போகலேன்னா பார்வையும் மந்தமாகுது, கண்ணும் சோர்ந்து போகுதுன்னு அளந்தே காட்டிட்டாங்க. சரி, அப்ப இதுக்கு யாராவது வைத்தியம் பாக்குறாங்களான்னு தேடும்போதுதான் டக்ளஸ் லான்மன்னு ஒரு டிஸ்ப்ளே ஆராய்ச்சிக்காரர் கிடைச்சாரு. மனுஷன் படிப்பு முடிச்சதுல இருந்து சுத்திச் சுத்தி இதே ஏரியாவுலதான் நிக்குறாரு. இந்த ஹெட்செட்ட ரிவ்யூ பண்ணணும்னா அவர் கதைய சொல்லாம முடியாது.

2002ல கால்டெக்ல அப்ளைடு பிசிக்ஸ், அப்புறம் மூணு வருஷம் எம்ஐடி லிங்கன் லேப்ல வேல, அத விட்டுட்டு ப்ரவுன் யுனிவர்சிட்டில பிஎச்டி, 2010ல முடிச்சாரு. அங்க இருக்கும்போது 2009ல, அவரும் அவர் ப்ரொபசர் கேப்ரியல் டாபினும் சேர்ந்து சிக்ராஃப்ங்குற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டுல ஒரு பாடம் எடுத்திருக்காங்க, வீட்லயே 3டி ஸ்கேனர் செய்றது எப்படின்னு. ஒரு கேமரா, ஒரு லைட்டு, ஒரு குச்சி. குச்சியோட நிழல ஒரு பொம்மை மேல மெதுவா நகத்துனா நிழல் எங்க எப்படி வளையுதுன்னு பாத்து பொம்மையோட உருவத்த கணக்கு போட்டுடலாம். எனக்கு இதுலயே ஆள புடிச்சுப் போச்சு.

2010ல இருந்து 2012 வரைக்கும் எம்ஐடி மீடியா லேப்ல ரமேஷ் ரஸ்கர் குரூப்ல இருந்தாரு. அப்ப அவங்களுக்கு கண்ணாடி மாட்டாம 3டி பாக்குறதுதான் பிரச்சனை. 2011ல வந்த நிண்டெண்டோ 3டிஎஸ் கேம் மெஷின் ஞாபகம் இருக்கா, ஸ்க்ரீனோட ஒரு அடுக்குல கோடு கோடா தடுப்பு வெச்சு இடது கண்ணுக்கு ஒரு படம் வலது கண்ணுக்கு ஒரு படம்னு பிரிச்சு அனுப்புவான். தடுப்புன்னு வெச்சாலே வெளிச்சம் பாதி அங்கயே செத்துடும். இவங்க என்ன பண்ணாங்கன்னா ரெண்டு எல்சிடிய அடுக்கி வெச்சு, கோடு எப்பவும் ஒரே மாதிரி இருக்க வேணாம், காட்டுற படத்துக்கு ஏத்த மாதிரி தடுப்போட வடிவத்தையே கம்ப்யூட்டர் கணக்கு போட்டு மாத்தட்டும்னு விட்டாங்க. வெளிச்சம் கூடுச்சு. 2011ல இன்னும் ஒரு படி மேல போய் எல்சிடியே வேணாம்னு ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்ல படத்த ப்ரிண்ட் அடிச்சு அக்ரிலிக் தகடுக்கு நடுவுல வரிசையா சொருகி பின்னாடி லைட்ட போட்டாங்க, ஒவ்வொரு ஷீட்டையும் தனியா பாத்தா அழிஞ்சு போன ஜெராக்ஸ் மாதிரி இருக்கும், சேத்து வெச்சா உள்ள பொருள் நிக்குது, தலைய ஆட்டுனா பக்கவாட்டுல தெரியுது. 2012ல மூணு எல்சிடி அடுக்கி அதையே அசையுற படமா ஆக்குனாங்க.

அதுக்கப்புறம் கிராஃபிக்ஸ் சிப் செய்ற என்விடியா கம்பெனி. 2013ல அங்க டேவிட் லூப்கேயோட சேர்ந்து அவர் செஞ்சதுதான் என் மாதிரி கண்ணாடிக்காரங்களுக்கு ஆச வார்த்தை. கண்ணு முன்னாடி பெரிய லென்ஸ் இல்ல, சென்டிமீட்டர் கனத்துல ஒரு சின்ன ஸ்க்ரீன், அது மேல குட்டி குட்டியா நூத்துக்கணக்குல லென்ஸ் பதிச்ச தகடு. 1908ல லிப்மன் போட்டோவுக்கு சொன்ன அதே ஐடியாதான், ஈக் கண்ணு மாதிரி. ஒரே காட்சிய கொஞ்சம் கொஞ்சம் கோணம் மாத்தி பல தடவ காட்டும்போது வெளிச்சம் நிஜமாவே அந்த தூரத்துல இருந்து வர்ற மாதிரி கண்ணுக்குள்ள போகுது, கண்ணு தானா ஃபோகஸ் பண்ணிக்குது. இன்னொரு வித்தை, உங்க கண்ணோட பவர சாஃப்ட்வேர்ல போட்டுட்டா கண்ணாடி இல்லாம பாக்கலாம். ஆனா விலை என்ன தெரியுமா, 1280க்கு 720 புள்ளி இருந்த ஸ்க்ரீன் கடைசில கண்ணுக்கு காட்டுனது 146க்கு 78. நம்ம பழைய நோக்கியா 3310ல 84க்கு 48 இருந்துச்சு, பாம்பு கேம் ஆடுனோமே, மொத்தப் புள்ளிய எண்ணுனா அத மாதிரி மூணு மடங்கு கூட இல்ல. தட்டான் ஃபோகஸ் ஆகும், ஆனா தட்டான்னு கண்டுபிடிக்க முடியாது.

2014ல, வீஆர் ஹெட்செட் செய்ற ஆக்குலஸ் கம்பெனிய ஃபேஸ்புக் வாங்குன அதே வருஷம், இவரும் அங்க போனாரு. அங்கதான் கணக்க மாத்திப் போடுறாரு. வெளிச்சத்த எல்லா கோணத்துலயும் அனுப்ப வேணாம், ஆள் எங்க பாக்குறான்னு கண்ண கவனிச்சா போதும், அந்த தூரத்துக்கு ஸ்க்ரீன நகத்திடலாம். லென்சுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் நகத்துனாலே, படம் எங்கயோ வானத்துல இருந்து கைக்கிட்ட வந்துடும். அந்த சோதனை ஹெட்செட்டுக்கு ஹாஃப் டோம்னு பேரு, 2018 மே மாசம் வெளில காட்டுனாங்க, உள்ள மோட்டார் ஸ்க்ரீன முன்னும் பின்னும் தள்ளும். மோட்டார்னா தேயும், ஆடும், சத்தம் வேற. அதனால மூணாவது ஹாஃப் டோம்ல மோட்டாரே இல்ல. லிக்விட் கிரிஸ்டல் லென்ஸ் 6 அடுக்கு, ஒவ்வொண்ணையும் கரண்ட்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தலாம், ரெண்டு ரெண்டா ஆறு தடவ பெருக்குனா 64, அதாவது 64 தூரத்துல ஃபோகஸ் வெக்கலாம். 2019ல இத சொன்னாங்க. அன்னிக்கு இத படிச்சிருந்தா அடுத்த வருஷம் கடைக்கு வந்துரும்னு காத்திருப்பேன். நல்லவேளை படிக்கல.

2022ல ஒரு மூட்டை ப்ரோட்டோடைப்ப மேஜை மேல பரப்பி காட்டுனாங்க, ஒண்ணு கூர்மைக்கு, ஒண்ணு வெளிச்சத்துக்கு, ஒண்ணு மெல்லிசுக்கு. எல்லாத்துக்கும் அளவுகோல் ஒண்ணுதான், மாட்டிக்கிட்டு பாக்குறவனுக்கு இது ஸ்க்ரீனா நிஜமான்னு பிரிக்கத் தெரியக் கூடாது. 2023ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல சிக்ராஃப்ல ஒண்ண வந்தவங்க தலைலயே மாட்டி விட்டாங்க, பட்டர்ஸ்காட்ச் வேரிஃபோகல்னு மிட்டாய் பேரு, வேரிஃபோகல்னா ஃபோகஸ் தூரம் மாறுறது. டிகிரிக்கு 56 புள்ளி, நல்ல கண்ணு பிரிச்சுப் பாக்குறது 60ன்னு சொல்லுவாங்க, அதுக்கு பக்கத்துல வந்துட்டாங்க. ஃபோகஸ் 25 செ.மீல இருந்து கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும். ஆனா பார்வை அகலம் 50 டிகிரிதான், ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி. ஒண்ண புடிச்சா ஒண்ணு நழுவுது, இவர் வேலைல ஆரம்பத்துல இருந்தே இந்தக் கததான். வெளிச்சம் வேணும்னா கணக்கு, ஃபோகஸ் வேணும்னா புள்ளி போச்சு, புள்ளி வந்தா அகலம் போச்சு.

கடைக்கு ஏன் வரலன்னா என் புத்திக்கு தோணுறது, கண்ண கவனிக்குற கேமரா ஒரு தடவ தப்பா கணிச்சா கூட படம் மொத்தமா மங்கிடும், அப்ப இப்ப இருக்குற கட்டி வெச்ச ஃபோகஸே மேல்னு ஆயிடும். அரைக் கிலோலயே கன்னத்துல பள்ளம் விழுது, இன்னும் நாலு பொருள உள்ள திணிச்சா கழுத்து என்னாகும். மேஜிக் லீப்ங்குற கம்பெனி மட்டும் 2018ல வித்த முதல் கண்ணாடில ரெண்டு ஃபோகஸ் தூரம் வெச்சு பாத்தாங்க. மத்தவங்க எல்லாம் சுலபமான வழிய எடுத்துட்டாங்க: ஆப் எழுதுறவங்கள்ட்ட பொருள ரொம்ப கிட்ட வெக்காதீங்கப்பான்னு சொல்றது.

இப்ப எங்கம்மா கதைக்கு வர்றேன். வயசு 73, ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்து லென்ஸ் வெச்சாச்சு. அந்த லென்ஸ் உப்பவே உப்பாது, தூரப் பார்வைக்குன்னு வெச்சது, கிட்ட பாக்க கண்ணாடி வேணும். மாட்ட மாட்டேன் மாட்ட மாட்டேன்னு ரெண்டு மாசம் சொல்லிட்டு, ஒரு நாள் பேத்தி மேல இருந்த கோவத்துல, "நீ மட்டும்தான் பாப்பியா"ன்னு வாங்கி மாட்டிக்கிட்டாங்க. தட்டான கைல குடுத்தோம். மூக்கு வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. அப்படியே அமைதி. அப்புறம் மெதுவா, "ஏண்டா, கண்ணாடி போடாமலே தெரியுதுடா"ன்னாங்க. சின்ன வயசுல தட்டான் வால்ல நூல் கட்டி கல்லு தூக்க விட்டத ஆரம்பிச்சு, அதுக்கு அவங்க தாத்தா அடிச்சது வரைக்கும் ஹெட்செட்ட கழட்டாமலே சொல்லி முடிச்சாங்க. முக்கால் மணி நேரம். தலைவலி இல்ல, கண்ணு வலி இல்ல. வீட்லயே நல்ல கண்ணு வெச்சிருக்குறவ இருவது நிமிஷத்துல படுத்துட்டா, புரை எடுத்தவங்க முக்கால் மணி நேரம் தாங்குறாங்க.

அதனால வாங்கலாமா வேணாமான்னு கேட்டா, கிட்டப் பார்வை மங்குன வயசுக்காரங்க வீட்ல இருந்தா தைரியமா வாங்குங்க, ஆனா ஏற்கனவே தூரத்துக்கு பவர் இருக்குறவங்க அதுக்கு தனியா உள்ள சொருகுற லென்ஸ் செஞ்சுக்கணும், அதுக்கும் காசு. பசங்களுக்குன்னா, படம், ஓடுற கேம், தூரத்துல நடக்குற எதுவும் ஓகே, கிட்ட வெச்சு படிக்குறது, நோண்டுறது எல்லாம் இப்ப வேணாம், எங்க வீட்ல இருவது நிமிஷம் போட்டா ஒரு இடைவேளன்னு வெச்சிருக்கோம். மார்க் போடணும்னா எனக்கு அஞ்சுக்கு நாலு, பொண்ணு ரெண்டரைக்கு மேல தர மாட்டேங்குறா.

போன வாரம் அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்தப் பொட்டிய மாட்டுனா கிட்ட இருக்குறது தெரியுதுல்ல, அப்ப ஊசில நூல் கோக்கலாம்ல?" அடடா, யோசிச்சா கணக்கு சரியாத்தான் வருது! இதுல வெளில இருக்குற கேமரா வழியா நம்ம ரூம பாக்குற வசதி இருக்கு, ஊசி எவ்வளவு கிட்ட இருந்தாலும் படம் ஒண்ணரை மீட்டர்லதான நிக்கும், அம்மாவுக்கு தெரியணும். மாட்டி விட்டு, ஊசியையும் நூலையும் கைல குடுத்தேன். கேமரா கண்ணு இருக்குற இடத்துல இல்லாம நாலு விரக்கடை முன்னாடி இருக்குறதால கிட்ட வந்த கை ரப்பர் மாதிரி வளையுது, விரல் ஓரமெல்லாம் நெளியுது. இதுக்கும் லான்மன் இருந்த குரூப் 2023ல ஃப்ளாமெரான்னு ஒண்ணு காட்டுனாங்க, குட்டி லென்ஸ் வரிசையா வெச்சு, கண்ணுக்கு வர வேண்டிய வெளிச்சத்த மட்டும் உள்ள விடுறது, அது நம்ம பொட்டில இல்ல. ஊசி தெரிஞ்சுது, மசமசன்னு ஒரு கம்பி. காது தெரியவே இல்ல, ட்யூப்லைட்டுக்கு அடில போய் நின்னும் தெரியல. நாலு தடவ காத்துல நூல குத்திப் பாத்துட்டு ஹெட்செட்ட கழட்டி என் கைல குடுத்தாங்க.

"இருவத்தஞ்சாயிரமா இது?"

"24,500 அம்மா."

"ஏ குட்டி, இங்க வா"ன்னு பேத்திய கூப்ட்டு ஊசிய நீட்டுனாங்க. "வர்றேன் அப்பத்தா"ன்னு வந்தவ போன்ல இருந்து தலைய முழுசா தூக்காமலே ஒரே தடவைல கோத்துக் குடுத்துட்டு போயிட்டா.